மார்கழித் தோலுக்கு எண்ணெய் போதுமா?

கார்த்திகை மழை ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கியதும் வீட்டுக்கு வீடு ஒரே முறையீடு. கால் வெளுத்துப் போகிறது, நகம் பட்டால் கோடு விழுகிறது, உதடு வெடிக்கிறது, ராத்திரியில் கெண்டைக்காலைச் சொறியாமல் தூக்கம் வருவதில்லை. பரிகாரம் மட்டும் ஆளுக்கொன்று. பாட்டி தேங்காய் எண்ணெய்ப் புட்டியை எடுப்பார். கல்லூரிக்குப் போகும் பேத்தி செராமைடு கலந்த கிரீமை இணையத்தில் வரவழைப்பாள். அலுவலக நண்பர் தினமும் மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கச் சொல்வார். மருந்துக் கடையில் கேட்டால் ஏதோ ஒரு களிம்புக் குழாயை எடுத்து நீட்டுவார்கள். அவரவர் பரிகாரத்தை அவரவர் நம்பிக்கையின் பேரில்தான் பரிந்துரைக்கிறார்கள். எது எதைவிட நல்லது, எவ்வளவு நல்லது, எந்த ஆதாரத்தில் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்டுப் பார்க்க வேண்டிய விஷயம் இது. ஒரு பூச்சை மதிப்பிடும்போது நான் பார்ப்பது: அது தோலில் தண்ணீரை நிறுத்துகிறதா, வேறு கேடு எதுவும் செய்கிறதா, ஒரு சாதாரணக் குடும்பம் தை முடியும்வரை நாள் தவறாமல் அதைப் பூசிக்கொள்ள முடியுமா. மூன்றாவது கேள்வியை அழகுக் குறிப்பு எழுதுகிறவர்கள் தொடுவதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

முதலில் காற்று. பனிக்காலத்தில் காற்று வறண்டிருக்கிறது என்பது பாதி உண்மைதான். தில்லியில் ஜனவரிக் காலையில் எதிரே வரும் வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி இருக்கும். ஈரப்பதம் நூறு சதவீதத்தை நெருங்கும். அப்போதும் அங்கே உதடு வெடிக்கிறது. குளிர்ந்த காற்றால் அதிக நீரைத் தாங்க முடியாது என்பதே காரணம். 0 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று முழுதும் நிறைந்திருந்தாலும் அதில் இருக்கும் நீராவி 5 கிராமைத் தொடாது. 22 டிகிரியில் அதே காற்று 19 கிராமுக்கு மேல் கொள்ளும். டொராண்டோவில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் ஜன்னலைச் சாத்திவிட்டு வீட்டைச் சூடாக்கும்போது, வெளியிலிருந்து வந்த காற்றுக்கு வெப்பம் கூடுகிறது, நீர் கூடுவதில்லை. வெளியே 0 டிகிரி என்றால் உள்ளே ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடும். வெளியே இன்னும் குளிர்ந்தால் இன்னும் கீழே போகும். அந்தக் காற்று கிடைத்த இடத்திலிருந்தெல்லாம் ஈரத்தை உறிஞ்சும், தோலிலிருந்தும்தான்.

சென்னையின் கதை வேறு. ஜனவரியிலும் இரவு வெப்பம் 20, 21 டிகிரிக்கு அருகிலேயே நிற்கிறது. கடல் பக்கத்தில் இருப்பதால் காற்றில் ஈரமும் இருக்கிறது. இருந்தும் கால் வெளுக்கிறதென்றால் காற்றை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. வேர்வை குறைவது ஒரு காரணம். வேர்வையில் இருக்கும் யூரியாவும் லாக்டேட்டும் தோலின் மேற்பரப்பில் நீரைப் பிடித்துவைப்பவை. சித்திரையில் தாராளமாகக் கிடைப்பது மார்கழியில் கிடைப்பதில்லை. அதைவிடப் பெரிய காரணம் குளியலறையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர்கள் இந்த இரண்டு மாதம் கீசரைப் போட்டுக்கொண்டு, ஆவி பறக்கும் தண்ணீரில் நெடுநேரம் நிற்கிறார்கள். சோப்பு வழக்கம்போலவே உண்டு. ஓசூரிலும் தருமபுரியிலும் குளிர் உண்மையிலேயே சேர்ந்துகொள்கிறது. உறைபனி விழும் ஊட்டியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி தோல். நீரைக் காக்கும் வேலையைச் செய்வது மேல்தோலின் வெளியடுக்கு. உடலின் பெரும்பகுதியில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். செத்துப்போன செல்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்க, இடைவெளிகளைச் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பமிலங்கள் ஆகியவை பூசி அடைத்திருக்கின்றன. அமெரிக்கத் தோலியல் ஆய்வாளர் பீட்டர் எலியாஸ் இதைச் செங்கல் சுவருக்கு ஒப்பிட்டார்: செல்கள் செங்கல், கொழுப்பு சாந்து. சாந்து கரைந்தால் உள்ளிருக்கும் நீர் கசிந்து ஆவியாகும். நீர் வற்றிய செல்களின் விளிம்பு எழும்பி நிற்கும். எழும்பிய விளிம்புகள் ஒளியைச் சிதறடிப்பதால்தான் நம் கருத்த காலில் சாம்பல் பூத்தது போன்ற வெளுப்பு தெரிகிறது. வெள்ளைத் தோலிலும் அதே வறட்சி உண்டு, கண்ணுக்கு அவ்வளவாகப் படாது.

இந்த விவாதத்துக்கு அடித்தளமான ஒரு சோதனையை இர்வின் பிளாங்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1952இல் வெளியிட்டார். காய்த்துப்போன தோலின் துண்டுகளை நன்றாக உலர்த்திக்கொண்டு சிலவற்றை எண்ணெயிலும் கொழுப்பிலும் ஊறவைத்தார், சிலவற்றைத் தண்ணீரில் போட்டார். எண்ணெயில் கிடந்தவை எத்தனை நேரமானாலும் விறைப்பாகவே இருந்தன, வளைத்தால் ஒடிந்தன. தண்ணீரில் போட்டவை மெத்தென்று ஆயின. எண்ணெய் தோலை ஈரமாக்குவதில்லை. இருக்கிற ஈரத்தை வெளியே விடாமல் பிடிக்கிறது, அவ்வளவுதான். வெளுத்த காலில் எண்ணெய் தடவியதும் பளபளப்பது எழும்பிய விளிம்புகள் படிந்துவிடுவதால். ஈரம் வந்துவிட்டதென்று அதற்குப் பொருளில்லை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற எல்லாவற்றையும் எடை போடுவது எளிது.

தேங்காய் எண்ணெயிலிருந்து தொடங்கலாம். நம் நாட்டில் அதற்கு இருக்கும் ஆதரவுக்கு ஈடாக ஆதாரமும் ஓரளவு இருக்கிறது. 2004இல் பிலிப்பைன்ஸில், வறண்ட தோல் கொண்ட 34 பேரை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குத் தேங்காய் எண்ணெயும் மறு பிரிவுக்குக் கனிம எண்ணெயும் கொடுத்து, எது எவருக்கு என்று இரு தரப்புக்கும் தெரியாதபடி இரண்டு வாரம் பூசச் செய்தார்கள். இரண்டும் ஒரே அளவு பயன் தந்தன. 2014இல் அதே நாட்டில், கரப்பான் எனப்படும் அடோபிக் எக்ஸிமா உள்ள 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த சோதனையில் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயை முந்தியது. எண்ணெயில் பாதியளவு இருக்கும் லாரிக் அமிலம் புண்ணில் சேரும் கிருமிகளை அடக்குவதும் அதற்கு உதவியிருக்கலாம்.

நல்ல செய்திதான். ஆனால் இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டுகிறவர்கள் இரண்டு விஷயங்களை விட்டுவிடுகிறார்கள். தேங்காய் எண்ணெய் போட்டியிட்டது கனிம எண்ணெயோடு, அதாவது பெட்ரோலியத்திலிருந்து வரும் திரவத்தோடு. அதே வழியில் வரும் கெட்டியான ஜெல்லியோடு அது மோதவில்லை. மேலும் அங்கே பயன்பட்டது வேறெதுவும் கலக்காத, பச்சைத் தேங்காயிலிருந்து எடுத்த எண்ணெய். நம் வீட்டுக் குளியலறை அலமாரியில் இருப்பதோ பெரும்பாலும் கொப்பரை எண்ணெய், சில வீடுகளில் வாசனை சேர்த்த கூந்தல் தைலம். வாசனைப் பொருள்தான் வெடித்த தோலில் எரிச்சலையும் ஒவ்வாமையையும் கிளப்பும் முதல் ஆள். ஆகவே வாசனைத் தைலத்தைக் காலில் பூசிவிட்டுத் தேங்காய் எண்ணெய் ஆய்வின் பெருமையைச் சொல்வது பொருந்தாது. செக்கிலோ கடையிலோ எதுவும் கலக்காத எண்ணெயாக வாங்கினால் இந்தக் குறை நீங்கிவிடும்.

நடைமுறையில் இன்னொரு சங்கடம். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியில் உறையும். எண்ணெய் தேவைப்படும் அதே மார்கழிக் காலையில் அது புட்டிக்குள் வெள்ளைக் கட்டியாக நிற்கிறது. மொட்டைமாடி வெயிலில் வைத்து உருக்குவார்கள், வெந்நீர்ச் சொம்பில் இறக்கிவைப்பார்கள், அவசரத்துக்குக் குச்சியால் நோண்டி எடுப்பார்கள். வாயகன்ற பாத்திரத்தில் ஊற்றி வைத்திருந்தால் உறைந்தே இருந்தாலும் விரலால் எடுத்துத் தேய்க்கலாம். உடம்புச் சூட்டில் நொடியில் உருகிவிடும். உறைந்தது கெட்டுவிட்டது என்று எண்ணி வேறு எண்ணெய்க்கு மாறுகிறவர்களும் உண்டு. அது தேவையில்லை.

எந்த எண்ணெய்க்கு மாறுகிறோம் என்பது முக்கியம். எல்லா எண்ணெயும் ஒன்றல்ல. ஷெஃபீல்டு பல்கலைக்கழகக் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஆலிவ் எண்ணெயைச் சில வாரம் பூசிய கையில் தோலின் தடுப்பு பலவீனமாகி இலேசாகச் சிவந்தது. சூரியகாந்தி எண்ணெய் அந்தக் கேட்டைச் செய்யவில்லை. ஆலிவில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலம் சாந்துக் கொழுப்பின் அடுக்கைக் குலைக்கிறது. வடநாட்டில் குளிர்காலத்தில் குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்ப்பது பரம்பரை வழக்கம். எலித்தோலில் 2002இல் செய்த சோதனையில் கடுகெண்ணெய் தோல் ஆறுவதைத் தாமதப்படுத்தியது. பிறந்த குழந்தைக்கு விலை கூடிய ஆலிவ் எண்ணெயை வாங்கித் தேய்க்கும் பழக்கம் நம் நகரங்களிலும் பரவிவிட்டது. அதைக் கைவிடச் சொல்ல இந்த ஆதாரம் போதும் என்றே கருதுகிறேன். நல்லெண்ணெயில் ஒலியிக் அமிலமும் லினோலியிக் அமிலமும் ஏறக்குறைய சரிபாதி. ஆகவே அது ஆலிவுக்கும் சூரியகாந்திக்கும் நடுவில் நிற்கும் என்பது என் ஊகம். ஊகத்தின் மேல் அதைப் பரிந்துரைக்க நான் தயாரில்லை.

எண்ணெய்க் குளியலை இங்கே எடுக்காமல் முடியாது. சனி நீராடும் வழக்கத்தில் உடம்புக்கும் மனத்துக்கும் கிடைக்கும் ஓய்வை நான் மறுக்கவில்லை. ஆனால் வறண்ட தோலுக்கு மருந்தாக அதை நிறுத்தினால் வரிசை தலைகீழாக இருக்கிறது. எண்ணெய் முதலில், தண்ணீர் பிறகு. பூசிய எண்ணெயைச் சீயக்காய் போட்டு வெந்நீரில் முழுக்கக் கழுவிவிடுகிறோம். நீரைப் பிடித்துவைக்க வேண்டிய நேரத்தில் பிடித்துவைக்க எதுவும் இருப்பதில்லை. சிறு அளவில் 2009இல் கலிபோர்னியாவில் நடந்த ஓர் ஆய்வு, குளித்துவிட்டு எதுவும் பூசாமல் விட்டால் தோலின் ஈரம் குறைகிறது என்று காட்டியது. அப்படியானால் எண்ணெய்க் குளியலுக்கு நற்பெயர் எப்படி வந்தது? எனக்குத் தெரிகிற விடை, அன்றைக்கு நாம் சோப்பைத் தொடுவதில்லை என்பதே. சீயக்காய், கொங்குப் பக்கத்து அரப்பு, பாசிப்பயறு மாவு, கடலை மாவு எதிலும் சோப்பின் காரம் கிடையாது. முன்பே தேய்த்த எண்ணெயும் கழுவுவதன் கடுமையைக் குறைக்கிறது. மரபின் மெய்யான சாதனை கழுவும் பொருளில் இருக்க, நாம் எண்ணெயைக் கொண்டாடிவிட்டு மற்ற ஆறு நாளும் சோப்புக்குத் திரும்புகிறோம். நலங்கு மாவைக் கரகரவென்று அழுத்தித் தேய்க்கும் வழக்கத்தை மட்டும் நான் ஆதரிக்க மாட்டேன். வறண்ட தோலை உராய்வது சாந்தைச் சுரண்டுவதுதான்.

சோப்பைப் பற்றி விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் பாதிக் கேடு அங்கேதான். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். 4.5 முதல் 5.5 வரை. சாதாரணக் குளியல் சோப்பின் பி.எச். 9, 10. ஒவ்வொரு முறை தேய்க்கும்போதும் அழுக்கோடு சாந்துக் கொழுப்பும் போகிறது, அமிலத்தன்மை திரும்பச் சில மணி நேரம் பிடிக்கிறது. சூடான நீர் இந்தக் கரைப்பை இன்னும் விரைவாக்கும்.

சோப்பு வாங்குவதில் விவரமுள்ளவர்கள் என்று பெயரெடுத்தவர்கள் உறையைத் திருப்பி டி.எஃப்.எம். எண்ணைப் பார்ப்பார்கள். இந்தியத் தர நிர்ணயத்தின்படி மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதம் இருந்தால் முதல் தரம், 70 இருந்தால் இரண்டாம் தரம், 60 இருந்தால் மூன்றாம் தரம். எண் ஏற ஏற தோலுக்கு நல்லது என்று கடையிலும் காணொளிகளிலும் சொல்லப்படுகிறது. இந்த வாதம் நிற்காது. அந்த எண் சோப்புக் கட்டியில் சோப்பு எவ்வளவு, மாவும் மண்ணுமாகச் சேர்த்த நிரப்பி எவ்வளவு என்று சொல்வது. கொடுத்த காசுக்குப் பொருள் இருக்கிறதா என்று பார்க்க அது நல்ல அளவுகோல். சோப்பின் காரத்தை அது அளப்பதில்லை. 76 சதவீதச் சோப்பும் காரம்தான். வறண்ட தோல்காரர் தேட வேண்டியது, காரமில்லாத கழுவுபொருளால் செய்த சிண்டெட் கட்டியை. அது விலை கூடுதல் என்றால் இன்னும் மலிவான வழி இருக்கிறது: அக்குள், தொடையிடுக்கு, பாதம் ஆகிய இடங்களுக்கு மட்டும் சோப்பு போட்டு, கைகால் முதுகுக்கு வெறும் தண்ணீர் விட்டாலே போதும். அலுவலகம் போய்வருகிறவரின் முழங்காலில் சோப்பு கேட்கும் அழுக்கு எதுவும் சேர்வதில்லை. இந்த ஒரு மாற்றத்துக்குச் செலவே கிடையாது. எந்தக் கிரீமுக்கும் முன்னால் இதைச் செய்ய வேண்டும்.

போர்வெல் தண்ணீரைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. 2018இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில், கடின நீரில் கழுவிய தோலில் சோடியம் லாரில் சல்ஃபேட் என்ற நுரைபொருளின் எச்சம் அதிகம் தங்கி எரிச்சல் தந்தது தெரிந்தது. ஆனால் 2011இல் இங்கிலாந்தில் எக்ஸிமா உள்ள 336 குழந்தைகளிடம் நடந்த சோதனையில், வீட்டில் நீர் மென்மையாக்கும் கருவி பொருத்தியும் நோய் குறையவில்லை. உப்புத் தண்ணீர் கெடுதல் செய்யலாம், ஆனால் அதற்காகக் கருவி வாங்கிச் செலவழிப்பது கிரயத்துக்குத் தகாது. எச்சமாகத் தங்குவது நுரைபொருள் என்றால் நுரையைக் குறைப்பதே நேர் வழி.

அடுத்து, பாட்டிகள் ஐயத்தோடு பார்க்கும் பெட்ரோலியம் ஜெல்லி. 1859இல் ராபர்ட் செஸ்பரோ என்ற இளம் வேதியியலாளர் பென்சில்வேனியாவின் எண்ணெய் வயல்களுக்குப் போனார். கிணற்றுக் குழாய்களில் படிந்து தொல்லை கொடுத்த ஒரு மெழுகை அங்கே தொழிலாளர்கள் வெட்டுக்காயத்துக்கும் தீப்புண்ணுக்கும் பூசிக்கொள்வதைக் கண்டார். அதை வடித்துத் தூய்மையாக்கி 1872இல் வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கினார். நூற்றைம்பது ஆண்டு கடந்தும் நீர் வெளியேறுவதைத் தடுப்பதில் அதை மிஞ்சும் பூச்சு இல்லை. பாடநூல்கள் 98 சதவீதம் வரை தடுக்கும் என்கின்றன. வீட்டில் நாம் பூசும் மெல்லிய அளவில் அவ்வளவு கிடைக்காது, கிடைப்பதே எண்ணெய்களைவிட மேல். வெறும் மேல்மூடியாக மட்டும் அது கிடப்பதில்லை என்பதை எலியாஸின் குழு 1992இல் காட்டியது. செல்களுக்கு இடையில் இறங்கி நிற்கிறது, அடியில் தோல் தன்னைச் சரிசெய்துகொள்வதையும் கெடுப்பதில்லை.

எதிர்ப்புகளை நேர்மையாகப் பார்க்க வேண்டும். குரூட் ஆயில் கழிவு என்பது பிறப்பைப் பற்றிய குற்றச்சாட்டு. மருந்துத் தரத்துக்குச் சுத்திகரித்த ஜெல்லியில் கேடு செய்யும் சேர்மங்கள் நீக்கப்பட்டிருக்கும்; மருந்துக் கடையில் ‘வொயிட் சாஃப்ட் பாரஃபின் ஐ.பி.’ என்று கேட்டு வாங்கினால் தரமும் உறுதி, வாசனையும் இராது. முகப்பரு வரும் என்ற அச்சத்தைத் தோலியல் ஆய்வாளர் ஆல்பர்ட் கிளிக்மன் 1996இல் சோதித்துப் பார்த்து ஆதாரமில்லை என்றார். மெய்யான குறை வேறு. பிசுபிசுப்பு. நம் ஊரில் காலையில் பூசிக்கொண்டு பேருந்து ஏறினால் பதினொரு மணிக்குள் புழுதி ஒட்டும், வேர்க்குரு கிளம்பும், சேலையிலும் வேட்டியிலும் கறை படியும். என் மூன்றாவது கேள்வியில் இது பகலுக்குத் தேறாது, இரவுக்குத் தேறுகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பூச்சு ஊறிய துணியில் தீப்பிடித்தால் வேகமாகப் பரவும் என்று பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018இல் எச்சரித்தது. பாரஃபின் இல்லாத பூச்சுகளுக்கும் அது பொருந்தும் என்றது. கைகாலில் பூசிக்கொண்டு அடுப்படியில் நிற்பதும், பூசிய பெரியவர் பீடி பற்றவைப்பதும் ஆபத்து.

விலை கூடிய கிரீம்களுக்கு வருகிறேன். செராமைடு சேர்ப்பதன் தர்க்கம் அழகானது: சுவரில் குறைந்தது செராமைடு, ஆகவே செராமைடையே பூசுவோம். தர்க்கத்துக்கும் விளைவுக்கும் நடுவே சோதனை இருக்கிறது. 2017இல் காக்ரேன் அமைப்பு எக்ஸிமாவுக்கான ஈரப்பூச்சுகள் பற்றிய 77 ஆய்வுகளை, 6,603 பேரின் தரவுகளோடு, சேர்த்து எடைபோட்டது. பூசுவது பயன் தருகிறது, நோய் திரும்ப வரும் இடைவெளி நீள்கிறது என்று முடிவு செய்தது. ஆனால் ஒரு பூச்சு மற்றொன்றைவிட உயர்ந்தது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் இல்லை என்றது. 2022இல் இங்கிலாந்தில் 550 குழந்தைகளுக்கு லோஷன், கிரீம், ஜெல், ஆயின்ட்மென்ட் என நான்கு வகைகளைப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். எதுவும் எதையும் வெல்லவில்லை. இவை எக்ஸிமாக் குழந்தைகளைப் பற்றியவை, வெறும் பனிக்கால வறட்சியைப் பற்றியவை அல்ல. இருந்தாலும் அதிக நோயுள்ள தோலிலேயே தெரியாத வேறுபாடு, குறைந்த நோயுள்ள தோலில் தெரியும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை. விலை கூடிய குழாய் கெடுதல் இல்லை. அது விலை கூடியதாலேயே பட்டாணியளவு எடுத்து இரண்டு காலுக்கும் இழுத்துப் பூசுகிறோமே, அதுதான் கெடுதல். மலிவான பூச்சைத் தாராளமாகப் பூசுகிறவர் இந்தப் போட்டியில் ஜெயிக்கிறார்.

கிளிசரின் பழைய சரக்கு, ஆனால் அறிவியல் அதன் பக்கம் நிற்கிறது. தோல் செல்களுக்குள் கிளிசரினைக் கொண்டுசெல்லும் ஒரு வாயிற்புரதத்தை நீக்கிய எலிகளுக்குத் தோல் வறண்டது, கிளிசரின் கொடுத்ததும் தேறியது. பன்னீரில் கலந்து பூசும் வீட்டு வழக்கம் சரியே. அப்படியே கெட்டியாகப் பூசினால் பிசுபிசுப்பதோடு சிலருக்கு எரியும். கிளிசரின் சேர்ந்த சாதாரண கிரீம் பகல் நேரத்துக்குப் பொருத்தம், வியர்வையோடும் துணியோடும் சண்டை போடாது. குதிகால் வெடிப்புக்கு 10 சதவீத யூரியா கிரீமுக்கு இணை கிடையாது. நீரையும் பிடிக்கும், காய்ப்பையும் இளக்கும். வெடிப்பு ஆழமாக இருந்தால் எரியும், அப்போது சில நாள் ஜெல்லி பூசி ஆறவிட்டுப் பிறகு யூரியாவுக்கு வரலாம்.

தண்ணீர் குடிப்பது பற்றி ஒரு வரி போதும்: தாகத்துக்குக் குடியுங்கள், அதற்கு மேல் குடிப்பது சிறுநீர்ப் பைக்குப் போகும், முழங்காலுக்குப் போகாது.

இவ்வளவும் யாருக்காக? பனிக்கால விளம்பரங்கள் இளம் முகங்களைக் காட்டுகின்றன. வறட்சி உண்மையில் வதைப்பது வயதானவர்களின் கால்களை. எழுபதைத் தாண்டிய ஒருவரின் முழங்காலுக்குக் கீழே டிசம்பர் கடைசியில் வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். தோல் மெலிந்து மினுங்கும். ரோமம் அநேகமாக உதிர்ந்திருக்கும். எலும்பின் மேல்பக்கம் மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, சில கோடுகளின் உள்ளே சிவப்பு தெரியும். பக்கவாட்டில் நகத்தின் தடங்கள், அவற்றின் மேல் சிறு பொருக்கு. அவர் பகலில் அரிப்பைப் பற்றிப் பேச மாட்டார். இரவில் கட்டில் சட்டத்தில் காலைத் தேய்க்கும் சத்தம் பக்கத்து அறைக்குக் கேட்கும். குனிந்து தன் காலில் தானே பூசிக்கொள்ள அவரால் முடியாது, பூசிவிடச் சொல்லிக் கேட்கக் கூச்சம். ஆகவே எந்தப் பூச்சு என்பதைவிட, யார் பூசிவிடுவது என்பது அந்த வீட்டில் பெரிய கேள்வி. மகனோ மருமகளோ பேரனோ ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் ஒதுக்கினால் ஒரு வாரத்தில் அந்தச் சத்தம் குறையும்.

என் தீர்ப்பு இது. முதலிடம் எந்தப் பூச்சுக்கும் இல்லை. சோப்பைச் சுருக்குவதற்கும் வெந்நீரை இளஞ்சூடாக்குவதற்கும்தான். அதைச் செய்யாமல் பூசுவதெல்லாம் ஓட்டைப் பானையில் ஊற்றுவதே. பூச்சுகளில், இரவில் கால், குதிகால், உதடு ஆகியவற்றுக்குப் பெட்ரோலியம் ஜெல்லி எண்ணெயைவிட மேல். தேங்காய் எண்ணெய் இரண்டாமிடத்துக்கு உரியது, கௌரவமான இரண்டாமிடம்: மற்ற எண்ணெய்களில் பலவற்றைவிட ஆதாரம் வலுவானது, எல்லா வீட்டிலும் இருப்பது, பெரியவர்கள் தயங்காமல் ஏற்பது. குளித்துத் துடைத்தவுடன் ஈரம் முழுதும் உலரும் முன் பூச வேண்டும் என்பதே நிபந்தனை. ஜெல்லியின் பிசுக்கு பிடிக்காமல் பூசாதிருக்கும் ஒருவருக்கு, தினமும் பூசும் தேங்காய் எண்ணெயே முதல் மருந்து. எண்ணெய்க் குளியலை விட வேண்டாம்; குளித்து முடித்தபின் காலுக்கு இன்னொரு முறை சிறிது எண்ணெய் தேவை என்பதை மறக்க வேண்டாம். செராமைடு கிரீம் கையில் காசு உள்ளவரின் விருப்பம். ஆலிவ் எண்ணெயை அடுக்களையிலேயே விட்டுவிடலாம்.

மருந்துக் கடையில் ‘அரிப்புக்கு’ என்று கேட்டு வாங்கும் களிம்பை மட்டும் இந்தத் தராசில் ஏற்றவே மறுக்கிறேன். பல குழாய்களில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்பதால் வீடே அதைப் புகழும். மாதக்கணக்கில் பூசினால் ஏற்கெனவே மெலிந்த கிழத்தோல் இன்னும் மெலிந்து, தொட்டால் கன்றிப்போகும். மருத்துவர் நாள் குறித்துக் கொடுத்தால் ஒழிய வாங்கக் கூடாது.

நீரிழிவு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் இருப்பதாக 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு சொன்னது. நோய் முற்றி வேர்வைச் சுரப்பிகளுக்குப் போகும் நரம்புகள் செத்தால் பாதம் வேர்ப்பதில்லை, குதிகால் வறண்டு பிளக்கிறது. வலி உணரும் நரம்பும் போயிருப்பதால் பிளந்தது தெரிவதில்லை. அவர்கள் தினமும் இரவில் குதிகாலிலும் உள்ளங்காலிலும் யூரியா கிரீமோ ஜெல்லியோ பூச வேண்டும். விரலிடுக்கில் பூசக் கூடாது, அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். பூசியதும் உடனே நடந்தால் தரையில் வழுக்கும், பருத்திக் காலுறை போட்டுக்கொள்வது நல்லது. தன் பாதம் தனக்குத் தெரியாவிட்டால் வீட்டில் ஒருவர் விளக்கடியில் பார்த்துச் சொல்ல வேண்டும். வெடிப்பில் நீர் கசிந்தாலோ ஓரம் சிவந்து சூடாக இருந்தாலோ எந்தப் பூச்சும் வேண்டாம், அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நீரிழிவு இல்லாதவருக்கும், சோப்பைக் குறைத்து ஒழுங்காகப் பூசியும் மூன்று நான்கு வாரத்தில் அரிப்பு அடங்கவில்லை என்றால், தைராய்டையும் சிறுநீரகத்தையும் பரிசோதித்துப் பார்ப்பது அவசியம். அவை கெட்டாலும் தோல் இப்படித்தான் வறளும்.